சிவப்பாக இருப்பதெல்லாம் ஜாரா மரம் இல்லை

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பெர்த்தில் வீடு இடிக்கும் இடங்களில் பழைய கட்டை வாங்கி வந்து "இது ஜாராதானே?" என்று கடையில் கேட்கிறவர்கள் இப்போது அதிகம். மேற்கு ஆஸ்திரேலிய அரசு 2024 தொடக்கத்தோடு இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் வெட்டுவதை நிறுத்திவிட்டதால் புது ஜாரா வரத்து குறைந்துவிட்டது, எல்லோருக்கும் பழைய கட்டைமேல்தான் கண்.

சிக்கல், பார்க்க ஜாரா மாதிரியே இருக்கும் கர்ரி மரத்தால் வருகிறது. இரண்டும் இந்தத் தென்மேற்கு மூலையில் வளரும் யூகலிப்டஸ் வகைதான், இரண்டும் சிவப்பு, இரண்டும் நல்ல கனம், பல வருடம் கூரைக்குள் கிடந்து கறுத்துப்போன பிறகு நிறத்தை மட்டும் பார்த்துச் சொல்ல எங்களுக்கே துணிவு வராது. காய்ந்த ஜாரா கன மீட்டருக்குச் சுமார் 820 கிலோ, கர்ரி சுமார் 900; சின்னத் துண்டில் இந்த வித்தியாசம் கைக்குப் பிடிபடாது.

நெருப்பு காட்டிக்கொடுக்கும். உள்ளே வைரம் பாய்ந்த பகுதியிலிருந்து தீக்குச்சி அளவுக்கு ஒரு சிராய் சீவி முழுதாக எரிய விடுங்கள். ஜாரா கருப்புக் கரியாக நிற்கும், கர்ரி வெள்ளைச் சாம்பலாகிவிடும். பெயின்ட் ஒட்டிய பகுதியை எரிக்கவே கூடாது, பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். தீத்தடை அறிவித்த நாளில் வெளியே வைத்துச் செய்யவும் வேண்டாம்.

இவ்வளவு சொல்லக் காரணம் கரையான். கர்ரி பலமான மரம், நீள உத்தரத்துக்கு அருமையானது, ஆனால் மண்ணில் நட்டால் கரையானுக்குத் தாங்காது. ஜாரா தாங்கும், அதனால்தான் அந்தக் காலத்தில் ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் ஸ்லீப்பர் கட்டையாக இந்தியாவுக்கும், தெருவில் பதிக்கும் கட்டையாக லண்டனுக்கும் கப்பலேறியது. வேலிக்கால், தோட்டப் படி என்றால் ஜாராவே போடுங்கள். வீட்டுக்குள் மேசைக்குக் கர்ரி தாராளமாகப் போதும், ஜாரா விலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

அப்புறம், ஜாராவில் ஓடும் கருப்புப் பிசின் கோட்டைப் பார்த்துக் கட்டை கெட்டுவிட்டது என்று ஒதுக்காதீர்கள், அது மரத்தின் இயல்பு. பிசின் பெரிய பையாகத் தேங்கியிருந்தால் மட்டும் அந்த இடத்தை வெட்டி எடுத்துவிடுங்கள். பழைய ஜாரா இறுகிப்போயிருக்கும், துளை போட்டுவிட்டு ஆணி அடியுங்கள்.

போட்டோ அனுப்பிக் கேட்டால் எங்களால் உறுதியாகச் சொல்ல முடியாது. மொத்தமாக வாங்கும் முன்பே ஒரு சின்னத் துண்டு கேட்டு வாங்கிக் கடைக்குக் கொண்டுவாருங்கள், எரித்துப் பார்த்துச் சொல்கிறோம், அதற்குக் காசு இல்லை.