லூத்தரன்காரங்களுக்குள்ள இந்த சண்ட இன்னும் முடியல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சீர்திருத்தத் திருநாளுக்கு நம்ம பேப்பர்ல வந்த கட்டுரைய வாசிச்சேன். 1999 அக்டோபர் 31-ல ஜெர்மனியில அவுக்ஸ்பர்க் ஊர்ல கத்தோலிக்கரும் லூத்தரன்காரங்களும் (மார்ட்டின் லூத்தர் வழி வந்த சபைக்காரங்க) ஒரே அறிக்கையில ஒண்ணா கையெழுத்து போட்டாச்சு, அதோட விசுவாசத்தினால நீதிமானாக்கப்படுறத பத்தி, அதாவது பாவியான மனுஷன கடவுள் எப்படி நீதிமானா ஏத்துக்கறாருங்கறத பத்தி இருந்த சண்ட முடிஞ்சு போச்சுன்னு எழுதியிருக்கீங்க. கையெழுத்து போட்டது உண்ம. முடிஞ்சு போச்சுங்கறது சரியில்ல, ஏன்னா லூத்தரன்காரங்களே அதுல ஒண்ணா நிக்கல, இது நாகர்கோவில் பக்கத்துல ஐஇஎல்சி (இந்திய சுவிசேஷ லூத்தரன் திருச்சபை) சபையில வளந்த எங்களுக்கு நல்லாவே தெரியும்.

லூத்தரன்காரங்க பக்கத்துல அங்க கையெழுத்து போட்டது லூத்தரன் வேர்ல்டு ஃபெடரேஷன், பல நாட்டு லூத்தரன் சபைங்க சேந்த கூட்டமைப்பு. எங்க சபைய இங்க ஆரம்பிச்சது அமெரிக்காவுல உள்ள மிசௌரி சினாட்ங்கற லூத்தரன் சபை, அவங்க அந்த ஃபெடரேஷன்ல சேரவே இல்ல, 1999 அறிக்கையயும் ஏத்துக்கல, வார்த்தைய பொதுவா போட்டு வித்தியாசத்த மூடி வச்சிருக்குன்னு சொல்லிட்டாங்க. ஆனா அவங்க வழி வந்த ஐஇஎல்சி அந்த ஃபெடரேஷன்ல மெம்பர். இப்ப எங்க சபைக்காரன் எந்தப் பக்கம்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? மிசௌரி மிஷன் தமிழ்நாட்டுக்கு வந்ததே லூத்தரன் சண்டையிலதான், ஜெர்மனி லூத்தரன்காரங்களோட லைப்சிக் மிஷன்ல இருந்த நேதர், மோன்ங்கற ரெண்டு மிஷனரிங்க வேதத்த பத்தின கருத்து வேறுபாட்டுல அந்த மிஷன விட்டு வெளிய வந்து 1895-ல மிசௌரிக்காரங்களா கிருஷ்ணகிரி பக்கம் வந்தாங்க, அதுக்கப்புறம் 1907-ல நாகர்கோவில்.

ஜெர்மனியிலயும் கத இதுதான். 1998-லயே நூத்துக்கும் மேல இறையியல் புரொபசர்மார் இந்த அறிக்கைக்கு எதிர்ப்பு எழுதி கையெழுத்து போட்டாங்க, எபர்ஹார்ட் யூங்கல் மாதிரி பேரு பெற்ற இறையியல் ஆளுங்களும் அந்த அறிக்கைய குறை சொன்னாங்க. அதுக்கும் முன்ன 1963-ல ஹெல்சிங்கில கூடின ஃபெடரேஷன் மாநாட்டுல, நீதிமானாக்கப்படுறத பத்தி இந்தக் காலத்துக்கு ஏத்த மாதிரி ஒரு அறிக்க எழுதலாம்னு உக்காந்து ஒத்த கருத்துக்கு வர முடியாம எந்திரிச்சு போனாங்க. ரோமாபுரியோட, அதாவது கத்தோலிக்க சபையோட, பேசறதுக்கு முன்னாடி வீட்டுக்குள்ளயே பேசி முடிக்கல.

இதெல்லாம் புரொபசர்மாருக்குள்ள உள்ள சண்டதான, நமக்கென்னன்னு கேப்பாங்க. இங்கதான் உங்க கட்டுரை தொடாத விஷயம் இருக்கு. லூத்தர் செத்து நாலு வருஷத்துலயே, 1550-ல, கோனிக்ஸ்பர்க்ல ஆண்ட்ரேயாஸ் ஒசியாண்டர்னு ஒரு லூத்தரன் இறையியல்காரர் ஒரு சண்டைய கிளப்பிவிட்டார் (கோப்பர்நிக்கஸோட புத்தகத்துக்கு பேரு போடாம முன்னுரை எழுதினவரும் இவருதான், வம்பு இவருக்கு புதுசில்ல). கடவுள் வெளிய இருந்து நீ நீதிமான்னு தீர்ப்பு சொல்றது மட்டும் போதாது, கிறிஸ்துவோட தெய்வத்தன்ம உனக்குள்ள வந்து குடியிருக்கு பாரு, அதுதான் உன் நீதின்னாரு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா லூத்தர் வழி வந்தும் ஒருத்தருக்கொருத்தர் முகம் பாக்காத மெலாங்க்டனும் ஃபிளாசியஸும் கூட இதுல ஒரே பக்கம் நின்னு அவர எதுத்தாங்க, லூத்தரன்காரங்க உள்சண்டைய தீக்க 1577-ல எழுதின கான்கார்டு ஃபார்முலாங்கற விசுவாச அறிக்கையோட மூணாம் பகுதியில அத தள்ளியும் வச்சாங்க. நம்ம காலத்துல பின்லாந்துல, 2015-ல இறந்துபோன துவோமோ மன்னர்மாங்கற இறையியல் புரொபசரும் அவரு மாணவருங்களும் விசுவாசத்துக்குள்ளயே கிறிஸ்து இருக்காரு, லூத்தர் சொன்னதே அதான்னு எழுத, இது ஒசியாண்டர் மறுபடி வந்த மாதிரில்லா இருக்குன்னு மத்த லூத்தரன்காரங்க கேக்கறாங்க.

உள்ளயா வெளியயாங்கற இந்தக் கேள்விய நான் மார்த்தாண்டம் பக்கம் ஒரு அடக்க வீட்ல பாத்தேன். செத்தவர் எங்க சொந்தம், ரப்பர் பால் வெட்டப் போறவர், குடியும் உண்டு, கோயிலுக்கும் வருவாரு, திருவிருந்தும் எடுப்பாரு. முத்தத்துல நீல தார்ப்பாய் பந்தல், கட்டஞ்சாயா வந்துட்டு இருக்கு, பெந்தெகொஸ்தேக்கு போன ஒரு மைனி மெதுவா கேட்டா, "கனி ஒண்ணும் காணலியே, கர்த்தருகிட்ட போயிருப்பாரா?"ன்னு (கனின்னா விசுவாசத்துக்கு அடையாளமான நல்ல நடத்த). அவரு பெஞ்சாதி மூஞ்சி அப்படியே செத்துப் போச்சு. எங்க பாஸ்டர் ஐயா சாயாவ கீழ வச்சிட்டு, "அவருக்குள்ள என்ன இருந்துதுன்னு தேடாதீங்கம்மா, எனக்குள்ள தேடினாலும் ஒண்ணும் ஆப்புடாது, அவரு ஞானஸ்நானத்துல கர்த்தர் சொன்னத பாருங்க"ன்னார். வேற ஒண்ணும் பேசல. அந்த அம்மா அப்பதான் அழுதா.

ஒசியாண்டர் சொன்னதுதான் சரின்னா பாஸ்டர் ஐயா அன்னைக்கு சொன்ன சொல்லுக்கு எடமே இல்ல. இதனாலதான் நான் இந்த விஷயத்துல பழைய ஆளுங்க பக்கம், தீர்ப்பு வெளிய இருந்துதான் வரணும்.

அதுக்காக எங்க ஆளுங்க சொல்றதெல்லாம் சரின்னு இல்ல. அதே காலத்து லூத்தரன்காரர் ஜார்ஜ் மேயர் ரட்சிப்புக்கு நற்கிரியை அவசியம்னாரு, அவர எதுக்கறேன்னு இன்னொரு லூத்தரன்காரர் ஆம்ஸ்டார்ஃப் நற்கிரியை ரட்சிப்புக்கு கேடுன்னே எழுதிட்டாரு, ரெண்டயும் கான்கார்டு ஃபார்முலா நாலாம் பகுதி ஓரங்கட்டிச்சு. இன்னைக்கும் எங்க பக்கத்துல யாக்கோபு நிருபத்துல இருந்து பிரசங்கம் பண்ணினா மூஞ்ச சுளிக்கற மூப்பர்மார் உண்டு. "விசுவாசமும் கிரியைகளில்லாதிருந்தால் தன்னிலேதானே செத்ததாயிருக்கும்"னு எங்க பைபிள்லயுந்தான இருக்கு.

இன்னொரு சண்ட அமெரிக்க லூத்தரன்காரங்களுக்குள்ள இப்பவும் ஓடுது. கிறிஸ்து உயிர்த்தெழுந்தப்பவே உலகம் முழுசையும் நீதிமான்னு சொல்லி கடவுள் விடுதலை பண்ணிட்டாரு, விசுவாசம் அத வாங்கிக்கிற கை மட்டுந்தான்னு மிசௌரிக்காரங்க ரோமர் 4:25-ஐ காட்டி சொல்லுவாங்க. விசுவாசிக்கறதுக்கு முன்னாடியே எப்படி நீதிமான் ஆக முடியும், அப்ப விசுவாசம் எதுக்குன்னு மத்தவங்க கேப்பாங்க. எனக்கு மிசௌரி சொல்றது கொஞ்சம் நீளமா இழுத்த மாதிரி தோணும், ஆனா அவங்க பயப்படறது புரியுது, விசுவாசத்தையே ஒரு கிரியை ஆக்கிட்டா, என் விசுவாசம் போதுமா போதாதான்னு அந்த மைனி மாதிரி அளந்துகிட்டே கெடக்க வேண்டியதுதான்.

1999 கையெழுத்து வேண்டாத வேலைன்னு நான் சொல்ல வரல. 1547-ல கத்தோலிக்க சபையோட ட்ரெண்ட் சங்கம் போட்ட சாபம், இந்த அறிக்கையில லூத்தரன்காரங்க சொல்ற போதனைக்கு பொருந்தாதுன்னு ரோமாபுரியே ஒத்துகிட்டது சின்ன விஷயமா? ஒரே குடும்பத்துல ஒருத்தர் கோட்டாறு மறைமாவட்டம், ஒருத்தர் சிஎஸ்ஐ, ஒருத்தர் லூத்தரன், ஒருத்தர் ரட்சணிய சேனைன்னு இருக்கற நம்ம மாவட்டத்துல அதுக்கு மதிப்பு உண்டு. 2006-ல மெத்தடிஸ்ட்காரங்களும் 2017-ல சீர்திருத்த சபைக்காரங்களும் அதுல சேந்துகிட்டாங்க, அதயும் நீங்க எழுதியிருக்கலாம். எழுதிட்டு, சேராத லூத்தரன்காரங்க யாரு, ஏன் சேரலன்னும் நாலு வரி போட்டிருந்தா கட்டுரை முழுசா இருந்திருக்கும்.

கடைசியா ஒண்ணு. மார்ட்டின் லூத்தர்னு அடியில போட்டு நீங்க அச்சடிச்ச படத்துல இருக்கறது லூத்தர் இல்ல, பிலிப் மெலாங்க்டன். 1530-ல அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கைய எழுதினவரு. அடுத்த இதழ்ல திருத்தம் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நாகர்கோவில்