பழைய ஷெட்டு எரு

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. மூன்று வாரமாக நீ போனை எடுப்பதில்லை, எடுத்தாலும் "லேப்ல இருக்கேன்ப்பா". சரி. இருமல் நின்றதா? மருந்துக் கடையில் கேட்டு நீயாக மாத்திரை விழுங்காதே. யாரிடம் சொல்கிறேன் பார்!

கோழித் தீவனத்துக்கு வாங்கும் மக்காச்சோளம் விலை இறங்கவே இல்லை. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே.

பொங்கலுக்கு வந்தபோது அம்மாவின் வளையலைக் கழற்றி வைத்து நீ சொன்னதுதான் மனதில் ஓடுகிறது. கிருமிகள் மருந்தை எதிர்க்கும் குணம் தாயிடமிருந்து குஞ்சுக்கு இறங்குவது மாதிரி வம்ச வழியாகத்தான் போகும் என்று இத்தனை வயதுவரை நினைத்திருந்தேன். நீ பிளாஸ்மிட் என்றாய். கிருமிக்குள் தனியாகக் கிடக்கும் டிஎன்ஏ வளையமாம். பக்கத்துக் கிருமியோடு ஒட்டிக்கொண்டு அதற்கு ஒரு நகல் கொடுத்துவிடுமாம், தன்னிடம் இருப்பதும் போகாதாம். வேறு இனக் கிருமிக்குக்கூடக் கொடுக்குமாம். நாமக்கல்லில் தீவன ஃபார்முலாவைப் பங்காளிக்கே காட்ட மாட்டோம், இது முன்பின் தெரியாதவனுக்கெல்லாம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறது! போதாததற்கு, டிரான்ஸ்போசான் என்ற துண்டு ஒரு வளையத்திலிருந்து எகிறி இன்னொன்றில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்றாய். நாலைந்து மருந்துக்கான எதிர்ப்பு ஒரே வளையத்தில் சேர்ந்துவிட்டால், ஒரு மருந்தை நிறுத்தினாலும், மற்ற மருந்தைக் கொடுக்கிறவரை அந்த எதிர்ப்பும் கூடவே பிழைத்துக்கொள்ளும் என்றாய். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

2015-ல் சீனாவில் பன்றியிலும் கடை இறைச்சியிலும் ஆஸ்பத்திரி நோயாளிகளிடமும் எம்சிஆர்-1 ஜீனைக் கண்டுபிடித்ததைச் சொன்னாய். கொலிஸ்டினை எதிர்க்கும் ஜீன் வளையத்தில் ஏறியிருந்தது. ஐசியூவில் வேறெதுவும் கேட்காதபோது கடைசியாக எடுக்கிற மருந்து அது. அதைத்தான் நாம் பை பையாக வாங்கித் தீவனத்தில் கலந்தோம். நீ "நம்ம பண்ணையில்" என்று சொல்லவில்லை, "பண்ணைகளில்" என்றாய். என் மகள் எவ்வளவு படித்திருக்கிறாள் என்று பெருமையாகவும் இருந்தது, சுருக்கென்றும் இருந்தது. உன் ஹாஸ்டல் ஃபீஸ் அந்தக் கோழியில் வந்ததுதானே கண்ணு. அதையும் நினைக்க வேண்டாமா? சரி, விடு. சாப்பிடுகிறாயா? இருமலோடு குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே.

நீ லேபுக்கு எரு சாம்பிள் கேட்டாயே. பழைய ஷெட்டில் எடுக்கச் சொன்னாய். நான் எடுத்தது கிழக்கு ஷெட்டில். தீவனத்தில் கொலிஸ்டின் கலக்கத் தடை வந்த பிறகு கட்டியது அது, அந்த மருந்து வாசமே படாதது. டப்பாவில் "பழைய ஷெட்" என்று என் கையாலேயே எழுதினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. 2019 ஜூலையில் தடை வந்தபோது குடோனில் இரண்டு பை மிச்சம். கொட்ட மனம் வரவில்லை. தீவனத்தில் கலந்துவிட்டேன். அம்மாவுக்கும் தெரியாது.

அந்த டப்பாக்களை உன் கணக்கில் சேர்க்காதே. ஏற்கெனவே சேர்த்திருந்தால் எடுத்துவிடு. உன் கைடிடம் என்ன சொல்வாயோ, "அப்பா மாற்றிக் கொடுத்துவிட்டார்" என்றே சொல். நீ பேசாமல் இருப்பது இதனாலா, வேறு எதனாலா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அடுத்த புதன்கிழமை பழைய ஷெட்டில் எரு அள்ளுவதாக இருந்தது. நீ வரும்வரை தொட வேண்டாம் என்று ஆட்களிடம் சொல்லிவிட்டேன். நீயே வந்து எடுத்துக்கொள். கையுறை கொண்டு வா, இங்கே இருப்பது கிழிந்துவிட்டது.

அப்பா