சானிடைசர் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

வீட்டில் ஒருவருக்கு வாந்தி, பேதி என்றால் மற்றவர்கள் சானிடைசரைத் தடவிக்கொண்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். இப்படி வாந்தி, பேதியை உண்டாக்கி எளிதில் பரவும் நோரோ வைரஸை சானிடைசர் சரியாகக் கொல்லாது. சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவினால்தான் கையை விட்டுப் போகும். வாந்தி பட்ட தரையைக் கையுறை போட்டுக்கொண்டு முதலில் காகிதத்தால் வழித்தெடுங்கள். பிறகு 5 சதவீத பிளீச் (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) 20 மி.லி.யை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து ஊற்றி, 5 நிமிடமாவது விடுங்கள். அழுக்கின் மேலேயே ஊற்றினால் வீரியம் வீணாகும். வேறு எந்தத் திரவத்தோடும் பிளீச்சைக் கலக்கவே கூடாது.

குணமானவர் மேலும் 2 நாள் சமைக்க வேண்டாம், கிருமி இன்னும் வெளியேறிக்கொண்டுதான் இருக்கும். சமைத்ததை 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே கிடந்த உணவில் சில பாக்டீரியாக்கள் விட்ட நச்சு, மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது. குழந்தை துவண்டு, 6 மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை என்றால் தயவுசெய்து கைவைத்தியம் பார்க்காதீர்கள், உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.