ஆங்கிலேயரின் தயக்கம் பற்றி மீனாட்சிக்கு

அன்புள்ள மீனாட்சி,

நலம். அங்கும் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்து, இப்போது நாளிதழின் தலைப்புகளைக் கண்ணாடி இல்லாமலே படிக்கிறார். உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். கல்லூரியில் இந்தப் பருவத்திலும் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆங்கில இலக்கணம் எடுக்கிறேன். ‘கேன்’, ‘மைட்’ போன்ற துணைவினைகளை நடத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் உன் கடிதம் வந்ததால், அதற்கு விரிவாகவே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உன் மேலாளர் ‘யூ மைட் வாண்ட் டு லுக் அட் திஸ் அகெய்ன்’ (இதை நீ மறுபடி பார்க்க விரும்பலாம்) என்று எழுதியனுப்பியதை, நேரமிருந்தால் பார்த்துக்கொள் என்ற பொருளில் நீ எடுத்துக்கொண்டதும், பிறகு அவர் திருத்தம் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டதும் உன்னை எவ்வளவு சங்கடப்படுத்தியிருக்கும் என்று எனக்குப் புரிகிறது. நேராகச் சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டிருக்கிறாய். அவரைப் பொறுத்தவரை அவர் நேராகத்தான் சொல்லியிருக்கிறார். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வளர்ந்த ஒருவருடைய காதில் அது ஐயத்துக்கு இடமில்லாத திருத்தக் குறிப்பு. திருத்தச் சொல்லும் அதிகாரம் தனக்கு இருப்பதை உன் முன்னால் காட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காகவே அவர் ‘மைட்’ போட்டிருக்கிறார்.

குட், வுட், ஷுட், மைட் ஆகிய நான்கும் வரலாற்றில் முறையே கேன், வில், ஷல், மே ஆகியவற்றின் இறந்தகால வடிவங்கள். இன்று அவை பல இடங்களில் காலத்தைக் காட்டுவதில்லை, விலகலைக் காட்டுகின்றன. நடந்து முடிந்தது நம்மைவிட்டு விலகி நிற்பதைப் போலவே, உறுதியில்லாததையும், உறுதியாகத் தெரிந்தாலும் பிறர்மேல் திணிக்க விரும்பாததையும், ஓரடி தள்ளி நிறுத்திப் பேசுவதற்கு அந்த வடிவங்கள் பயன்படுகின்றன. ‘கேன் யூ’ என்பதைவிட ‘குட் யூ’ பணிவாக ஒலிப்பதற்கும், இந்த நொடியில் கேட்கும் உதவியையே ‘ஐ வாஸ் வொண்டரிங்’ என்று முன்பு எப்போதோ நினைத்ததைப் போலத் தொடங்குவதற்கும் காரணம் இதுதான். ஒரே வடிவம் இரண்டு வேலைகளைச் செய்வதால்தான் வெளியிலிருந்து வருபவர் தடுமாறுகிறார். நான் மாணவர்களுக்குச் சொல்லும் வழி எளிது. ‘மைட்’ மழையைப் பற்றியோ இயந்திரத்தைப் பற்றியோ வந்தால் அது வாய்ப்பைச் சொல்கிறது. உன்னைப் பற்றி, உனக்கு வேலை சொல்லக்கூடியவரின் வாயிலிருந்து வந்தால், பெரும்பாலும் அதை ஒரு கோரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

உறுதியாக ஒலிக்கும் ‘மஸ்ட்’கூட ஐயத்தின் பக்கம் நிற்பதுதான் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. பக்கத்து வீட்டுக்காரரைக் கண்ணால் பார்த்தவர் ‘ஹீ இஸ் அட் ஹோம்’ என்பார். அவரைப் பார்க்காமல், சன்னலில் விளக்கு எரிவதை மட்டும் பார்த்தவர்தான் ‘ஹீ மஸ்ட் பி அட் ஹோம்’ என்பார். வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று நாமும் இதே இடத்தில் இதே போலத்தான் சொல்கிறோம். இன்னும் நுட்பமான இடம் ஒன்று உண்டு. விபத்துச் செய்தியில் ‘தி ஹெல்மெட் மே ஹாவ் சேவ்ட் ஹிம்’ என்று படித்தால், அவர் பிழைத்திருக்கிறார், அதற்குத் தலைக்கவசம் காரணமா என்பது மட்டும் உறுதியாகவில்லை என்று கொள்ளலாம். ‘எ ஹெல்மெட் மைட் ஹாவ் சேவ்ட் ஹிம்’ என்று இருந்தால், அவர் தலைக்கவசம் அணியவில்லை, பிழைக்கவும் இல்லை. இக்காலத்தில் ஆங்கில இதழாளர்களிலேயே பலர் இரண்டாவது இடத்திலும் ‘மே’ எழுதிவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது, ஏனென்றால் ஒருவர் உயிரோடு இருக்கிறாரா என்பதையே ஒரு துணைவினையைக் கொண்டு சொல்லிவிடும் வசதியை அந்த மொழி இதனால் இழக்கிறது.

இந்தச் சொற்களின் எடை ஆளுக்கு ஆள் மாறும் என்பதற்கு நான் வகுப்பில் சொல்லும் நிகழ்ச்சி 1951ஆம் ஆண்டுக்குரியது. அந்த மார்ச் மாதத்தில் அமெரிக்க உளவு மதிப்பீட்டாளர்கள், யூகோஸ்லாவியாவின்மீது அந்த ஆண்டில் தாக்குதல் நடப்பதை ‘சீரியஸ் பாஸிபிலிட்டி’யாக, அதாவது புறக்கணிக்க முடியாத வாய்ப்பாகக் கருத வேண்டும் என்று, ‘ஷுட் பி கன்சிடர்ட்’ என்ற தொடரையும் சேர்த்து எழுதினார்கள். அந்த அறிக்கைக்குப் பொறுப்பாளர்களுள் ஒருவரான ஷெர்மன் கென்ட்டிடம், அதற்கு என்ன பொருள் என்று வெளியுறவுத் துறை அதிகாரி ஒருவர் பேச்சுவாக்கில் கேட்க, தாக்குதல் நடப்பதற்கே வாய்ப்பு அதிகம், நூற்றுக்கு 65 என்று கென்ட் சொன்னார். வாய்ப்பு அதைவிட மிகவும் குறைவு என்றே அதுவரை எண்ணியிருந்த அதிகாரி திடுக்கிட்டார். கென்ட் திரும்பிப் போய், அந்த வாசகத்துக்குக் கூடி ஒப்புதல் கொடுத்த தம் சக அறிஞர்களையே ஒவ்வொருவராகக் கேட்டபோது, ஒருவர் மனத்தில் 80, வேறொருவர் மனத்தில் 20 என்று விடைகள் வந்தன. ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒரே வாசகத்தை ஒப்புக்கொண்டவர்கள் இவர்கள். தாக்குதல் நடக்கவில்லை என்பது வேறு கதை. 1964இல் கென்ட் இதை எழுதியபோது, மே, மைட், குட் ஆகியவை ஒன்று நடக்கக்கூடியது என்பதை மட்டும் சொல்லட்டும், எவ்வளவு நடக்கக்கூடியது என்பதற்கு வேறு சொற்களையும் எண்களையும் வைத்துக்கொள்ளலாம் என்ற வழியைத்தான் முன்வைத்தார்.

உன் துறையிலேயே இதற்கு மாற்று வழி ஒன்றைக் கண்டிருக்கிறார்களே! 1997இல் வெளிவந்த ஆர்எஃப்சி 2119 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இணைய நெறிமுறைகளை எழுதுபவர்களுக்கு ‘மஸ்ட்’ என்றால் கட்டாயம், ‘ஷுட்’ என்றால் தக்க காரணம் இருந்து, விளைவை முழுதாக எடைபோட்ட பிறகே விலகலாம், ‘மே’ என்றால் முற்றிலும் விருப்பம் என்று அதில் வரையறுத்து வைத்திருக்கிறார்கள். நீ நாள் முழுதும் அந்த அளவுகோலை வைத்து வேலை செய்துவிட்டு, அதையே உன் மேலாளரின் மின்னஞ்சலிலும் வைத்துப் பார்த்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். ஆவணத்தில் விருப்பமாக இருந்தது, மனிதர் வாயில் வரும்போது கண்டிப்பான வேண்டுகோளாக இருக்கிறது.

இதற்காக அவர்கள் பேச்சைக் கபடம் என்று நீ எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. ‘மைட்’ என்று ஒருவர் சொல்லும்போது, மறுத்துப் பேச உனக்கு ஓர் இடத்தை விட்டுவைக்கிறார். ‘அந்தப் பகுதி சரியாகத்தான் இருக்கிறது, காரணம் இது’ என்று நீ பதில் எழுதினால் அவர் மதிப்புக் குறையாமல் கேட்டுக்கொள்வார். இது பெரிய நாகரிகம். ஆனால் தேதியோ பணமோ ஒருவரது உடல்நலமோ சம்பந்தப்பட்ட இடத்தில் இந்த மென்மையை நம்பி உட்காராதே. எந்த நாளுக்குள், எவ்வளவு வாய்ப்பு என்று கூச்சப்படாமல் கேட்டுவிடு. பருவநிலை பற்றிய ஐ.நா. குழுவின் அறிக்கைகளிலேயே ‘லைக்லி’ (நடக்க வாய்ப்புண்டு) என்றால் குறைந்தது 66 சதவீதம், ‘வெரி லைக்லி’ என்றால் குறைந்தது 90 சதவீதம் என்று பொருள் வகுத்துத்தான் எழுதுகிறார்கள்.

கிளாஸ்கோவிலிருந்து வந்த ஒருவர் உன் குழுவில் இருப்பதாக எழுதியிருந்தாய். ஸ்காட்லாந்தின் சில பகுதிகளிலும் அமெரிக்காவின் தெற்கிலும் ‘மைட் குட்’ என்று இரண்டு துணைவினைகளை அடுத்தடுத்து வைத்துப் பேசுவது உண்டு. பாடநூல்கள் தவறு என்று தள்ளும் அந்த வழக்கு அங்கே தலைமுறைகளாக இயல்பாக இருக்கிறது. அவர் வாயில் அது வந்தால், எந்தச் சூழலில், யாரிடம் சொன்னார் என்பதோடு அந்த வாக்கியத்தை அப்படியே குறித்து எனக்கு அனுப்பு. என் மாணவர்களுக்கு ஓர் உண்மையான எடுத்துக்காட்டு கிடைக்கும்.

அன்புடன்,
கோமதி