கயிற்றுக்கு வெளியே நின்ற அண்ணனுக்கு

அண்ணே,

இன்றைக்கு டிசம்பர் 12. 2024-ல் இதே நாள் சிங்கப்பூரில் குகேஷ் செஸ் உலக சாம்பியன் ஆனபோது நீயும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாய். பதினாலாவது ஆட்டம், டிராவில் முடிய வேண்டியது. எதிரே ஆடிய டிங் லிரென் யானையைத் தப்பான கட்டத்தில் கொண்டுபோய் வைத்தார், முடிந்தது. அந்தப் பதினெட்டு வயசுப் பையன் அழுதுகொண்டே, கலைந்து கிடந்த காய்களையெல்லாம் எடுத்துத் திரும்ப ஆரம்ப இடத்தில் அடுக்கினான் பார். அப்போதுதான் போனைக் கையில் எடுத்தேன். உன் பெயர் வரைக்கும் போய்விட்டு, வைத்துவிட்டேன்.

"ஆட்டம் முடிஞ்சா காயை அடுக்கி வெச்சுட்டுத்தான் எந்திரிக்கணும். தோத்தாலும்." உன் குரல்தான்.

வீட்டுக் கதை உனக்குத் தெரியும், ஊருக்கு வேண்டாம். அண்ணி இதைப் படிப்பாங்க. சித்தப்பா மகள் படித்துவிட்டுக் குடும்ப வாட்ஸப்பில் போடுவாள். அதனால் சாத்தூர் மட்டும்.

1999. சாத்தூரில் மாவட்ட செஸ் போட்டி. எனக்குப் பன்னிரண்டு வயசு. நாலாவது ரவுண்டு. எதிரே இருந்த பிள்ளை தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தாள். என் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் குதிரையைத் தூக்கினேன். முழுசாகக்கூட இல்லை, அரை அங்குலம். அப்போதுதான் தெரிந்தது, குதிரை நகர்ந்தால் பின்னால் ராணி போய்விடும். தொட்ட காயைத்தான் நகர்த்தணும். நான் அப்படியே வைத்துவிட்டு யானையை நகர்த்தினேன். அவள் வந்தாள், உட்கார்ந்தாள், தன் சிப்பாயைத் தள்ளினாள். நான் ஜெயித்தேன்.

பார்க்க வந்தவர்களைத் தடுத்துக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற நீ மட்டும் பார்த்திருக்கிறாய்.

"குதிரையைத் தொட்டியா?"

"இல்லண்ணே."

அவ்வளவுதான் கேட்டாய். திட்டியிருக்கலாம். பஸ் ஸ்டாண்டில் காராச்சேவு வாங்கினாய், வீடு வரைக்கும் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாய். எண்ணெய் ஊறிய அந்தக் காகிதம் இப்போதும் எனக்கு வாசம் அடிக்கிறது. மறுநாள் கடைசி ரவுண்டுக்கு முன்னால் என்னை அந்தப் பிள்ளையிடம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாய். அவள் அம்மா பக்கத்தில் நிற்க, சொன்னேன். "பரவால்லக்கா" என்றாள். என்னைவிடச் சின்னவள். கை நடுங்க உள்ளே போய் உட்கார்ந்து பத்தொன்பதாவது நகர்த்தலில் தோற்றேன். மாவட்டத்திலிருந்து இரண்டு பேர்தான் அடுத்த கட்டப் போட்டிக்குப் போக முடியும். அரைப் புள்ளி வித்தியாசத்தில் மூன்றாவது ஆனேன்.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாய். அடுத்த வருஷம் என்ன ஆனது என்று உனக்குத் தெரியும்.

பெரியவளான பிறகு விதிப் புத்தகம் வாங்கிப் படித்தேன், உன்னோடு வாதாடத்தான். தொட்ட காயை நகர்த்தியாக வேண்டும், சரி. ஆனால் எதிராளி தன் காயை நகர்த்தக் கை வைத்துவிட்டால் அதற்குப் பிறகு முறையிட முடியாது. சட்டப்படி என் வெற்றி வெற்றிதான் அண்ணே. அந்தப் பிள்ளை அறையிலேயே இல்லையே, எப்படி முறையிடுவாள் என்று நீ கேட்பாய். அந்தக் கேள்விக்குப் பதில் அந்தப் புத்தகத்தில் இல்லை. அதனால்தான் உன்னிடம் கொண்டுவரவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் எங்கிருந்து வந்தது? பிரஸ்ஸில் போனஸ் கொடுத்தார்கள் என்று அம்மாவிடம் சொன்னாய். சைக்கிளை விற்றதை ஆறு மாசம் கழித்து அடுத்த தெருப் பையன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீ பொய் சொல்லலாம், நான் சொல்லக்கூடாது. பன்னிரண்டு வயசுப் பிள்ளையை இன்னொருத்தி அம்மா முன்னால் நிறுத்தியதற்குப் பதில், அந்த ஒரு ரவுண்டு முடியட்டும் என்று உன்னால் பொறுத்திருக்க முடியாதா?

இரண்டு வருஷத்துக்கு முன் என் மேஜைக்கு ஒரு காகிதம் வந்தது. கையெழுத்துப் போட்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. போடவில்லை. மேற்கொண்டு விவரம் வேண்டாம், அலுவலகத்திலும் இதைப் படிக்கிறவர்கள் உண்டு. பேனாவை மூடி வைத்தபோது நீ பின்னால் நிற்கிற மாதிரியே இருந்தது. பதவி உயர்வு இன்னொருவருக்குப் போனது. இதற்கு உனக்கு நன்றி சொல்லவா, நஷ்ட ஈடு கேட்கவா?

போர்டைப் பரணில் போட்டுவிட்டு "இனிமே தொட மாட்டேன்" என்று நான் கத்தியபோது நீ ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நீயும் ஆடவில்லை. டீக்கடையில்கூட. அது என்னால்தான் என்று யாரும் சொன்னதில்லை, எனக்குத் தெரியும். மன்னிச்சிரு. இதை நேரில் சொல்ல எனக்கு வராது, உனக்குக் கேட்கவும் வராது.

ஒரு ஓபன் டோர்னமென்ட்டுக்குப் பணம் கட்டிவிட்டேன். முப்பத்தெட்டு வயசில். ஆட்டத் திறமைக்குக் கொடுக்கிற எண்தான் ரேட்டிங். இப்போது 1400-க்குக் கீழே அது கிடையாது, உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 2024 மார்ச்சில் மாற்றிவிட்டது. ரேட்டிங் உள்ளவர்களோடு ஐந்து ஆட்டமாவது ஆடி அந்தக் கோட்டைத் தாண்டினால்தான் பட்டியலில் பெயர் வரும். இரண்டு வருஷத்தில் வரவைக்கிறேன். அதற்குள் எட்டு வயசுக் குழந்தைகளிடமெல்லாம் தோற்பேன், தோற்றுவிட்டுக் காயை அடுக்கி வைப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு முதல் ரவுண்டு. இடத்தை அண்ணிக்கு அனுப்பியிருக்கிறேன். வா என்று கூப்பிடவில்லை. வந்தால் எனக்குப் பின்னால் நிற்காதே. எதிர்ப்பக்கம் நில், நானும் உன்னைப் பார்க்கிற மாதிரி.