டர்பனும் ஹோவும்

அன்புள்ள சேகர்,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கோபால் மாமா இன்னும் அந்த ரன் அவுட்டைப் பற்றித்தான் பேசுகிறார்.

இரண்டு வாரமாக எனக்கு ஒரே ஆளின் நினைப்பு. ஹெட்லி வெரிட்டி, இங்கிலாந்தின் அந்தக்காலத்து கிரிக்கெட் வீரர். உன்னைப் போல இடது கை சுழல். ஆனால் ஓவருக்கு ஒரு ஃபுல்டாஸ் கிடையாது. பிராட்மனை டெஸ்டில் 8 தடவை வீழ்த்தியவர். 1932-ல் நாட்டிங்ஹாம்ஷயருக்கு எதிராக 10 ரன் கொடுத்து 10 விக்கெட்!

1939 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் நாள் கணக்கே வைக்காத டெஸ்ட் ஒன்று நடந்ததே, அதில் இவர் மட்டும் 766 பந்து போட்டிருக்கிறார். இங்கிலாந்துக்கு இலக்கு 696. 5 விக்கெட்டுக்கு 654 எடுத்திருந்தபோது மழை. ஊருக்குக் கப்பல் போய்விடும் என்று அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அந்த இங்கிலாந்து அணியின் வேகப்பந்து வீச்சாளர் கென் ஃபார்ன்ஸ் 1941-ல் விமானப் பயிற்சியில் இறந்துபோனார்.

அதே 1939, செப்டம்பர் 1. காலையில் ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்துவிட்டது. இங்கிலாந்தில் ஹோவ் என்ற ஊரில் சசெக்ஸுக்கும் வெரிட்டியின் யார்க்ஷயருக்கும் ஆட்டம். சசெக்ஸ் வீரர் ஜிம் பார்க்ஸுக்கு நிதி திரட்டும் ஆட்டம் என்பதால் நிறுத்தாமல் ஆடினார்கள். மழையில் நனைந்து வெயிலில் காய்கிற பிட்ச். வெரிட்டி 6 ஓவரில் 9 ரன்னுக்கு 7 விக்கெட். சசெக்ஸ் 33-க்குச் சுருண்டது. அப்புறம் யார்க்ஷயர்காரர்கள் எல்லோரும் பஸ் ஏறி ஊர் திரும்பினார்கள்.

அதுதான் அவருடைய கடைசி முதல்தர ஆட்டம். போரில் ராணுவத்தில் சேர்ந்தார். 1943 ஜூலையில் சிசிலியில், எரிகிற வயலுக்கு நடுவே தன் படையை நடத்திப் போகும்போது நெஞ்சில் குண்டு பாய்ந்தது. பிடிபட்டு, இத்தாலியில் கசெர்ட்டாவில் 31-ஆம் தேதி உயிர் போனது. வயது 38.

எனக்கு ஆறவே இல்லையடா. ஹோவில் அவருக்கு வயது 34தான். யார்க்ஷயரில் அவருக்கு முன்னால் இடது கை சுழல் போட்ட வில்ஃப்ரெட் ரோட்ஸ் 52 வயதில் டெஸ்ட் ஆடினார். அந்தக் கணக்கில் பார்த்தால் இவருக்கு எத்தனை வருடம் மிச்சம் இருந்தது!

நீ 41 வயதிலேயே தோள்வலி என்று பந்தை மூட்டை கட்டிவிட்டாய். பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொண்டு வா. வாய்க்கால் மேட்டில் ஆறு ஓவராவது போடு. நான் கீப்பிங் நிற்கிறேன்.

அன்புடன்,
ராஜு