சாட்டர்ன் கார் வாங்கலாமா என்று கேட்ட நண்பனுக்கு

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். நீயும் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் மகள் ஓஹையோவில் முதுகலைப் படிப்பில் சேர்ந்து, குளிர்காலத்துக்குள் ஒரு கார் வாங்கிவிட வேண்டும் என்று தேடிக்கொண்டிருப்பதை உன் கடிதத்தில் படித்து நானும் என் மனைவியும் மகிழ்ந்தோம். படிப்பை முடித்து ஊர் திரும்பும் மாணவர் ஒருவர் தம்முடைய 2002ஆம் ஆண்டு சாட்டர்ன் எஸ்.எல்.1 காரை மிக மலிவாகத் தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்றும், அந்த நிறுவனமே மூடப்பட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டதால் உனக்குத் தயக்கமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். சாட்டர்ன் கார் ஒன்றைப் புதிதாக வாங்கிப் பல ஆண்டுகள் ஓட்டியவன் நான். அந்தக் கார்கள் பிறந்த ஸ்பிரிங் ஹில் ஊரும் எங்கள் நாஷ்வில் நகரத்துக்குத் தெற்கே ஐம்பது கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. ஆகவே வாங்கலாமா வேண்டாமா என்பதை மட்டும் சொல்லி நிறுத்த மனம் வரவில்லை. முழுக் கதையையும் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஜப்பானியச் சிறிய கார்கள் அமெரிக்கச் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு ஈடான சிறிய காரை லாபத்துடன் செய்ய ஜெனரல் மோட்டார்ஸுக்குத் தெரியவில்லை. பழைய பழக்கங்களை வைத்துக்கொண்டு அது முடியாது என்று முடிவு செய்து, 1985 ஜனவரியில் அதன் தலைவர் ரோஜர் ஸ்மித் தனி நிறுவனமாகவே சாட்டர்னைத் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டிலேயே தொழிலாளரும் மேலாளரும் கலந்த 99 பேர் கொண்ட குழு ஒன்று பல ஆலைகளைச் சுற்றிப் பார்த்து, புதிய நிறுவனம் எப்படி இயங்க வேண்டும் என்று திட்டம் வகுத்திருந்தது. ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கத்தின் சார்பில் இதை முன்னெடுத்தவர் டான் எஃப்ளின். அவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம் 28 பக்கம்தான். மற்ற ஆலைகளுக்கான ஒப்பந்தங்களோ பல நூறு பக்கம் நீண்டவை. சாட்டர்னில் தொழிலாளர்கள் சிறு குழுக்களாகத் தங்கள் வேலையைத் தாங்களே வகுத்துக்கொண்டார்கள். தங்கள் குழுவில் யாரைச் சேர்ப்பது என்பதிலும் அவர்களுக்குக் குரல் இருந்தது. ஊதியத்தின் ஒரு பகுதி, கார்களின் தரத்தையும் உற்பத்தி இலக்கையும் பொறுத்துக் கூடவோ குறையவோ செய்தது.

ஆலை தங்கள் மாநிலத்துக்கு வர வேண்டும் என்று ஆளுநர்கள் போட்டி போட்டுக்கொண்டு அழைத்த காலத்தில், டென்னசியில் குதிரைப் பண்ணைகளுக்கு நடுவே இருந்த ஸ்பிரிங் ஹில்லை நிறுவனம் தேர்ந்தெடுத்தது. அப்போது அங்கே ஆயிரத்து ஐந்நூறு பேர் கூட இல்லை. இன்று ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். முதல் கார் 1990 ஜூலை 30 அன்று ஆலையிலிருந்து வெளிவந்தது. ரோஜர் ஸ்மித் அதை ஓட்டினார்; மறுநாளே பணி ஓய்வும் பெற்றார். சாட்டர்னுக்குப் பின்னால் வந்த இடர்கள் பலவற்றுக்கும் அந்த ஓய்வே தொடக்கம் என்பது என் எண்ணம். தன்னைப் பெற்றவர் பதவியில் இல்லாத வீட்டில்தான் அந்த நிறுவனம் வளர வேண்டியிருந்தது.

கார் எப்படி இருந்தது என்று கேட்பாய். மிகைப்படுத்தாமல் சொன்னால், அது நடுத்தரமான கார்தான். 1.9 லிட்டர் இன்ஜின் நன்றாகவே இழுத்தது. ஆனால் முடுக்கும்போது இரைச்சலும் அதிர்வும் மிகுதி. உட்புறத்தின் நேர்த்தியில் ஹோண்டாவுக்கும் டொயோட்டாவுக்கும் அருகில் வர முடியாது. அதே சமயம், கதவுகளும் பக்கவாட்டுத் தகடுகளும் பிளாஸ்டிக்கால் ஆனவை என்பதால், கடை வளாகத்தில் தள்ளுவண்டி வந்து மோதினால் தகடு உள்வாங்கி மீண்டும் பழைய வடிவத்துக்கே வந்துவிடும். வெயிலில் பிளாஸ்டிக் விரியும் என்பதற்காகத் தகடுகளுக்கிடையே அகலமான இடைவெளி விட்டிருந்தார்கள். அதைப் பார்த்துச் சரியாகப் பொருத்தவில்லை என்று நினைத்தவர்களும் உண்டு. இன்ஜினில் அவ்வப்போது மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின் இருந்தது. தானியங்கி கியர்பாக்ஸின் ஃபில்டரை, ஆயில் ஃபில்டரைப் போலவே வெளியிலிருந்து திருகிக் கழற்றி மாற்றலாம். தன் கையால் காரைப் பராமரிக்க விரும்புகிறவர்களுக்கு இது மிகப் பெரிய வசதி. கைக்கியர் கார்கள் எரிபொருள் சிக்கனத்தில் யாருக்கும் இளைத்தவை அல்ல.

மக்கள் மயங்கியது காரைக் கண்டு அல்ல, அதை விற்ற விதத்தைக் கண்டு. இந்த நாட்டில் அந்நாளில் கார் வாங்கப் போவது என்றாலே பலருக்கு வயிற்றைக் கலக்கும். விற்பனையாளர் ஒரு விலை சொல்லி, நாம் ஒரு விலை சொல்லி, அவர் மேலாளரிடம் கேட்டு வருகிறேன் என்று உள்ளே போய், பாதி நாள் கழிந்துவிடும். சாட்டர்ன் ஷோரூமில் பேரமே கிடையாது. ஒட்டியிருக்கும் விலைதான் எல்லாருக்கும் விலை. பேரம் பேசத் தயங்கும் பெண்களும், முதல் கார் வாங்கும் இளைஞரும், எங்களைப் போல வேறு நாட்டிலிருந்து வந்து பேச்சு வழக்கே பிடிபடாதவர்களும் அங்கே தலை நிமிர்ந்து நுழைய முடிந்தது. நான் கார் எடுத்த அன்று அங்கிருந்த ஊழியர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்று கைதட்டினார்கள். ஒருவர் படம் எடுத்துக் கொடுத்தார். எனக்குச் சற்றுக் கூச்சமாக இருந்தது. என் மனைவிக்கு மிகவும் பிடித்திருந்தது. கார் பிடிக்காவிட்டால் குறிப்பிட்ட நாள்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம் என்ற உறுதியும் உண்டு.

பழுது வந்தபோதும் அவர்கள் நடந்துகொண்ட முறை பேசப்பட்டது. 1991இல் சுமார் 1,800 கார்களில் நிரப்பப்பட்ட, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் தவறான கலவை என்று தெரிந்ததும், பழுதுபார்த்துக் கொடுப்பதோடு நிற்காமல் கார்களையே மாற்றிக் கொடுத்தார்கள். 1994 ஜூன் மாதம், கார் வாங்கியவர்கள் அனைவரையும் ஸ்பிரிங் ஹில்லுக்கு விருந்தாளிகளாக அழைத்தார்கள். தம் கார் செய்யப்பட்ட இடத்தையும் அதைச் செய்தவர்களையும் பார்க்க, நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ஏறத்தாழ 44,000 பேர் வந்து சேர்ந்தார்கள். கோயில் கொடை என்றால் நமக்குப் புரியும். ஒரு மலிவு விலைக் காருக்காகக் குடும்பத்தோடு இத்தனை தூரம் வந்தார்கள் என்பது இன்றும் எனக்கு வியப்புதான். அந்த ஆண்டில் 2,86,000க்கும் மேற்பட்ட கார்கள் விற்றன. அதற்கு மேல் ஓர் ஆண்டும் விற்கவில்லை.

ஏன் விற்கவில்லை என்பதில்தான் கதையின் முடிச்சு இருக்கிறது. 1991ஆம் ஆண்டு மாடல் காரை வாங்கிய இளம் தம்பதிக்கு 1996இல் இரண்டு பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்குப் பெரிய கார் வேண்டும். அவர்கள் சாட்டர்ன் ஷோரூமுக்கே திரும்பி வந்தார்கள். அங்கே நின்றது அதே சிறிய கார்தான். ஊரையே பந்திக்கு அழைத்துவிட்டு இரண்டாம் பந்திக்கு உலை வைக்காத கதை இது. ஜெனரல் மோட்டார்ஸ் அந்த ஆண்டுகளில் பெரும் நட்டத்தில் இருந்தது. 1992இல் மட்டும் கணக்கில் காட்டிய நட்டம் 2,300 கோடி டாலருக்கும் மேல். சாட்டர்னுக்காகக் கொட்டிய பணத்தில் தங்களுக்கு வர வேண்டிய பங்கு போய்விட்டது என்று ஷெவர்லே, ஓல்ட்ஸ்மொபில் பிரிவினர் பொருமினார்கள். தொழிற்சங்கத்திலும் எஃப்ளின் போனபின், ஸ்பிரிங் ஹில் ஒப்பந்தம் மற்ற ஆலைகளின் உரிமைகளை அரித்துவிடும் என்று அஞ்சிய ஸ்டீபன் யோகிச் தலைமைக்கு வந்தார். இரு பக்கத்திலும் சாட்டர்னுக்கு ஆதரவு சொல்ல ஆள் இல்லாமல் போனது.

இரண்டாவது கார் கடைசியில் 2000ஆம் ஆண்டு மாடலாக வந்தது. எல் வரிசை எனப்பட்ட அது, ஜெர்மனியின் ஓப்பல் வெக்ட்ராவை அடிப்படையாகக் கொண்டு, ஸ்பிரிங் ஹில்லில் அல்லாமல் டெலவேர் மாநிலத்து வில்மிங்டன் ஆலையில், பழைய வழக்கமான ஒப்பந்தத்தின் கீழ் செய்யப்பட்டது. பத்து ஆண்டுகள் காத்திருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் டொயோட்டா கேம்ரியும் ஹோண்டா அக்கார்டும் வாங்கிக்கொண்டார்கள். அடுத்து வந்த வியூ என்னும் எஸ்.யு.வி. நன்றாக விற்றது, ஆனால் அதன் தொடக்க கால சி.வி.டி. எனப்படும், படிகள் இல்லாமல் சீராக மாறும் தானியங்கி கியர்பாக்ஸ்கள் அடிக்கடி பழுதாகி, உத்தரவாதத்தை நீட்டித்துத் தர வேண்டியதாயிற்று. எஸ் வரிசை எனப்பட்ட அந்த முதல் சிறிய கார்களுக்குப் பதிலாக 2003 மாடலாக வந்த அயான் காரை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். சாவித் துளையின் சுவிட்ச் ஓட்டத்தின் நடுவே தானாக நழுவி, இன்ஜின் நின்று, ஏர்பேக்கும் விரியாமல் போகும் குறை 2014இல் பெரிய விவகாரமாக வெடித்ததே, அந்தக் கார்களின் பட்டியலில் அயானும் உண்டு.

கடைசிக் காலத்தில்தான் நல்ல கார்கள் வந்தன என்பது வேதனை. ஆரா என்னும் கார் 2007இல் வட அமெரிக்காவின் சிறந்த கார் விருதைப் பெற்றது. ஸ்கை என்னும் இரு இருக்கைத் திறந்த கார் பார்க்க அத்தனை அழகு. ஆனால் அவற்றில் சாட்டர்னுக்கே உரியது என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. பிளாஸ்டிக் கதவுகளும் இல்லை, ஸ்பிரிங் ஹில்லும் இல்லை. 2009இல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலானபோது, கார் விற்பனை நிலையங்கள் பல நடத்தும் ரோஜர் பென்ஸ்கேயின் நிறுவனம் சாட்டர்னை வாங்க முன்வந்தது. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஜெனரல் மோட்டார்ஸே கார் செய்து கொடுக்கும், அதற்குப் பின் யார் என்ற கேள்விக்குப் பிரான்சின் ரெனோ நிறுவனத்தைப் பதிலாக வைத்திருந்தார்கள். செப்டம்பர் இறுதியில் ரெனோவின் இயக்குநர் குழு அதை நிராகரிக்க, பென்ஸ்கே விலகினார். அன்றே கதை முடிந்தது. 2010 அக்டோபருடன் ஷோரூம்கள் மூடின. அந்த ஆலை இன்றும் இயங்குகிறது, காடிலாக்கின் மின்சாரக் கார் ஒன்று அங்கேதான் தயாராகிறது. ஆலைக்குச் செல்லும் சாலையின் பெயர் மட்டும் இன்னும் சாட்டர்ன் பார்க்வே.

இனி உன் மகளின் காருக்கு வருகிறேன். எஸ்.எல்.1 எஸ் வரிசையைச் சேர்ந்தது; 2002தான் அந்த வரிசையின் கடைசி ஆண்டு. இந்த இன்ஜின்களில் எல்லாரும் அறிந்த குறை ஒன்று உண்டு. பிஸ்டனில் உள்ள ஆயில் ரிங்கின் பள்ளத்திலிருந்து ஆயில் திரும்பி வடிவதற்கு வழி போதாது. ஓட ஓடக் கரி படிந்து ரிங் இறுகிவிடும். ஆயில் எரியத் தொடங்கும். புகை பெரிதாகத் தெரியாது என்பதால் பலர் கவனிக்க மாட்டார்கள். ஆயில் வற்றி டைமிங் செயின் கெட்ட பிறகுதான் தெரியவரும். மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டி ஓடும் சாட்டர்ன்களின் சொந்தக்காரர்களைக் கேட்டால் ஒரே பதில்தான் சொல்வார்கள்: பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார், டிக்கியில் எப்போதும் ஓர் ஆயில் புட்டி வைத்திரு. இதைச் செய்ய உன் மகளுக்கு மனமிருந்தால் இன்ஜின் அவளைக் கைவிடாது.

இரண்டாவது, துரு. ஓஹையோவில் குளிர்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். பிளாஸ்டிக் கதவுகள் புதியவை போல மின்னும். உள்ளே இருக்கும் எஃகுச் சட்டம் அரித்துப் போயிருக்கும். வெளித்தோற்றத்தை நம்பாமல், மெக்கானிக் ஒருவரிடம் பணம் கொடுத்து, காரைத் தூக்கி அடிப்பகுதியைப் பார்க்கச் சொல்ல வேண்டும். தானியங்கி கியர் என்றால், இன்ஜின் சூடான பிறகு ரிவர்சில் போடும்போது பலமாக உதைக்கிறதா என்று பார்க்க வேண்டும், உதைத்தால் வேண்டாம். கூலன்ட் வெப்பத்தை அளக்கும் சென்சார் விரிசல் விட்டுத் தொல்லை கொடுப்பதும் வழக்கமே, ஆனால் அதைச் சிறு செலவில் மாற்றிவிடலாம். பித்தளை முனை வைத்ததைக் கேட்டு வாங்க வேண்டும். பிரேக், ஃபில்டர் போன்றவை எந்தக் கடையிலும் கிடைக்கின்றன. கதவுத் தகடும் விளக்கும் உடைந்தால்தான் பழைய கார்களை உடைத்து விற்கும் இடங்களில் தேட வேண்டும். பெரும்பாலான எஸ் வரிசைக் கார்களில் பக்கவாட்டு ஏர்பேக் கிடையாது என்பதையும் ஒரு தந்தையாக நீ கணக்கில் கொள்ள வேண்டும். பல்கலைக்கழகத்துக்கும் கடைக்கும் போய்வர மட்டும் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. நெடுஞ்சாலையில் நாள்தோறும் நீண்ட தூரம் போவதென்றால், இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்துப் புதிய மாடல் ஒன்றையே பார்க்கச் சொல்வேன்.

விற்கும் மாணவரிடம் சர்வீஸ் ரசீதுகள் இருந்தால் உன் மகளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல். எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் ஊற்றுகிறார் என்று அவரை நேராகவே கேட்கட்டும். மெக்கானிக் அடிப்பகுதியைப் பார்த்துச் சொன்ன பிறகு விலை பேசினால் போதும். அதற்கு முன் முன்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம்.

அன்புடன்,
உன் நண்பன்